2025இல் சமய உலகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்ச், மசூதி, கோயில், விகாரை என்று எது செய்தியில் அடிபட்டாலும், "இதையெல்லாம் நீதானே படிக்கிறாய், என்ன விஷயம் சொல்" என்று வீட்டிலும் நண்பர்களிடமும் எனக்குக் கேள்வி வரும். 2025இல் வந்தது கொஞ்சநஞ்சமல்ல. ஜனவரியில் கும்பமேளாவில் தொடங்கி டிசம்பர் வரை ஓயவில்லை. எழுதி வைத்த பதில்களை ஒன்றாக அடுக்கியபோதுதான் ஒன்று தெரிந்தது. பாதிக்கு மேற்பட்ட கேள்விகள் இரண்டே விஷயத்தைச் சுற்றியிருந்தன: நாளைக் குறிப்பது யார், பெரியவருக்கு அப்புறம் யார்.

கும்பமேளா 144 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் என்றார்களே, உண்மையா?

பிரயாக்ராஜில் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 26 வரை, பௌஷ பௌர்ணமியில் தொடங்கி மகா சிவராத்திரியில் முடிந்த 45 நாள் விழா அது. குரு ரிஷபத்திலும் சூரியன் மகரத்திலும் இருக்கும்போது பிரயாகையில் கும்பமேளா. நம் ஊர் ஜோசியப் பக்கங்களில் 2024 மே குருப்பெயர்ச்சி என்று படித்தோமே, அன்று ரிஷபத்துக்கு வந்த அதே குருதான்.

குரு ஒரு சுற்றுச் சுற்றி வர ஏறக்குறைய 12 ஆண்டு. அதனால் 12 ஆண்டுக்கு ஒரு பூர்ண கும்பம். அப்படிப் பன்னிரண்டு முடிந்தால் 144 ஆண்டு, அதுதான் மகா கும்பம் என்பது கணக்கு. கணக்கு சரிதான், ஆனால் எந்த ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்குவது என்பதில் ஒருமித்த கருத்து கிடையாது. 2013இல் அதே பிரயாகையில் நடந்ததையும் மகா கும்பமேளா என்றுதான் அழைத்தார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. குருவின் சுற்று சரியாக 12 ஆண்டு இல்லை, 11.86 ஆண்டு. அந்தச் சிறு வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து சில சமயம் கும்பமேளா 11ஆம் ஆண்டிலேயே வந்துவிடும். ஹரித்வாரில் 2010க்குப் பிறகு 2021இல் நடந்தது அப்படித்தான். 144 என்பது வானம் சொல்லும் எண் அல்ல, மரபு சொல்லும் எண் என்று வைத்துக்கொள்ளலாம். "இதை விட்டால் பேரன் காலத்தில்தான்" என்று சொன்னால் யார்தான் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள்?

66 கோடிப் பேர் நீராடினார்கள் என்பதை நம்பலாமா?

அது உத்தரப் பிரதேச அரசு வெளியிட்ட எண். நாட்டின் மக்கள்தொகையில் கிட்டத்தட்டப் பாதி. ஆனால் அது ஆள் கணக்கல்ல, வருகைக் கணக்கு. ஒரு மாதம் அங்கேயே தங்கித் தினமும் மூழ்கும் கல்பவாசி அதில் எத்தனை முறை வருகிறார் என்று யோசித்துப் பாருங்கள். கேமரா வைத்து எண்ணினார்கள், மென்பொருள் வைத்து மதிப்பிட்டார்கள், எல்லாம் சரி. இருந்தாலும் நான் அந்த எண்ணை "மிகப் பெரிய கூட்டம்" என்பதற்கான அடையாளமாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

எண்ணை விட எனக்கு வியப்பாக இருந்தது ஏற்பாடு. ஆற்று மணலில் சுமார் 4,000 ஹெக்டேரில் 25 செக்டார்களாக ஒரு நகரம். அதற்கெனத் தற்காலிகமாகத் தனி மாவட்டமே அறிவித்தார்கள். ஆற்றைக் கடக்க 30 மிதவைப் பாலங்கள். விழா முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிடுவார்கள், மழைக்காலத்தில் அந்த இடத்தின் மேல் கங்கை ஓடும்.

அங்கே எத்தனை பேர் இறந்தார்கள்?

ஜனவரி 29, மௌனி அமாவாசை. சங்கமத்துக்குப் போகும் வழியில் விடியலுக்கு முன் நெரிசல். 30 பேர் இறந்ததாக அரசு அறிவித்தது. அந்த எண்ணிக்கை குறைவு என்று எதிர்க்கட்சிகளும் சில ஊடகங்களும் சொல்லிக்கொண்டே இருந்தன. பிப்ரவரி 15 இரவு புதுடெல்லி ரயில் நிலையத்தில், பிரயாக்ராஜ் ரயிலுக்காகக் காத்திருந்த கூட்டத்தில் 18 பேர் இறந்தார்கள். அதற்கெல்லாம் முன்பே, ஜனவரி 8 அன்று திருப்பதியில் வைகுண்ட ஏகாதசி டோக்கன் வாங்க நின்ற இடத்தில் 6 பேர்.

மூன்றிலும் பொதுவான ஒன்று உண்டு. யாரும் சாமி கும்பிடும் இடத்தில் சாகவில்லை. போகும் வழியில், காத்திருக்கும் இடத்தில்தான் செத்தார்கள். சன்னிதியைப் பற்றி யோசிக்கும் அளவுக்குப் பாதையைப் பற்றி நாம் யோசிப்பதில்லை.

தண்ணீர் சுத்தமாக இருந்ததா?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்திடம் கொடுத்த அறிக்கையில், பல இடங்களில் மலக் கிருமி அளவு குளிக்கத் தகுந்த வரம்பைத் தாண்டியிருந்தது என்றது. மாநில அரசு அதை மறுத்தது. போய்வந்த நண்பர் ஒருவர் பித்தளைச் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தார். தலையில் தெளித்துக்கொண்டேன், குடிக்கவில்லை.

போப் பிரான்சிஸ் ஈஸ்டரன்று மக்களைப் பார்த்துவிட்டு மறுநாளே இறந்தது எப்படி?

பிப்ரவரி 14 அன்று மூச்சுக்குழல் தொற்றோடு ரோம் ஜெமெல்லி மருத்துவமனையில் சேர்ந்தார். இரண்டு நுரையீரலிலும் நிமோனியா என்று தெரிந்தது. ஐந்து வாரத்துக்கு மேல் அங்கே இருந்து மார்ச் 23இல் வீடு திரும்பினார். ஏப்ரல் 20 ஈஸ்டர் ஞாயிறன்று பேராலய மாடத்தில் தோன்றி ஆசி வழங்கினார், திறந்த வண்டியில் சதுக்கத்தைச் சுற்றியும் வந்தார். மறுநாள் காலை 7:35க்கு, 88 வயதில், பக்கவாதத்தால் காலமானார்.

உயிலில் அவர் கேட்டது எளிய கல்லறை, அதன்மேல் 'பிரான்சிஸ்கஸ்' என்ற ஒரே சொல். வத்திக்கானுக்குள் அல்ல, ரோம் நகரின் புனித மரியா பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். நூறாண்டுக்கும் மேலாக எந்தப் போப்பும் வத்திக்கானுக்கு வெளியே அடக்கம் ஆனதில்லை.

அடுத்த போப்பை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

80 வயதுக்கு உட்பட்ட கர்தினால்களுக்கே ஓட்டு. விதிப்படி அதிகபட்சம் 120 பேர் என்றாலும், பிரான்சிஸ் நிறையப் பேரை நியமித்திருந்ததால் இந்த முறை 133 பேர் உள்ளே போனார்கள். அவர்களில் இந்தியர் 4 பேர். அந்த நால்வரில் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா, தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் கர்தினால். இலங்கையிலிருந்து மல்கம் ரஞ்சித்.

மே 7 அன்று சிஸ்டைன் சிற்றாலயத்தின் கதவை மூடினார்கள். போன், பேப்பர் எதுவும் கிடையாது. ஒவ்வொருவரும் சீட்டில் ஒரு பெயர் எழுதி, மடித்து, கலயத்தில் போட வேண்டும். எண்ணி முடித்த சீட்டுகளை ஊசி நூலால் கோர்த்துக் கட்டி அடுப்பில் எரிப்பார்கள். ஜெயிக்க மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 89 ஓட்டு. கிடைக்காவிட்டால் கரும்புகை, கிடைத்தால் வெண்புகை. பழைய நாளில் ஈர வைக்கோல் போட்டுப் புகையின் நிறத்தை மாற்றினார்கள். சாம்பல் நிறமாக வந்து ஊரையே குழப்பிய கதைகள் உண்டு. இப்போது ரசாயனம்தான். வெண்புகைக்குப் பொட்டாசியம் குளோரேட்டோடு பால் சர்க்கரையும் பைன் மரப் பிசினும் சேர்க்கிறார்கள்.

முதல் நாள் இரவு கரும்புகை. மே 8 மாலை, நான்காவது ஓட்டெடுப்பில், இந்திய நேரம் இரவு ஒன்பதரை தாண்டி வெண்புகை. புகைபோக்கிக்குப் பக்கத்தில் குஞ்சோடு நின்ற கடற்காகங்களை உலகமே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது.

கதவைப் பூட்டிவைக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது?

இத்தாலியின் வித்தேர்போ என்ற ஊரிலிருந்து. 1268இல் ஒரு போப் இறந்தார். கூடிய கர்தினால்களால் முடிவுக்கு வர முடியவில்லை. மாதங்கள் ஓடின, வருடங்கள் ஓடின. பொறுமையிழந்த ஊர்க்காரர்கள் அவர்களை மாளிகைக்குள் வைத்துப் பூட்டி, சாப்பாட்டைக் குறைத்து, கடைசியில் கூரையையும் பிரித்துவிட்டார்களாம். வெயிலும் மழையும் நேரே இறங்கினால் மனம் தானாக ஒத்துவரும் என்ற நம்பிக்கை. ஏறக்குறைய மூன்று ஆண்டுக்குப் பிறகு 1271இல் தேர்வானவர்தான் பத்தாம் கிரகோரி. இனி இப்படி நடக்கக் கூடாதென்று பூட்டுவதையே சட்டமாக்கியவரும் அவர்தான். கான்கிளேவ் என்ற சொல்லே லத்தீனில் 'சாவியோடு' என்று பொருள்படும் சொற்களிலிருந்து வந்தது. நம் பஞ்சாயத்துகள் சிலவற்றுக்கும் இது தேவைதான்.

லியோ என்ற பெயர் ஏன்?

தேர்வானவர் ராபர்ட் பிரான்சிஸ் பிரிவோஸ்ட். 1955இல் சிகாகோவில் பிறந்தவர், அகுஸ்தீனார் சபைத் துறவி, பல ஆண்டுகள் பெருவில் ஊழியம் செய்து அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றவர். அமெரிக்காவிலிருந்து வந்த முதல் போப். சபைத் தலைவராக இருந்த காலத்தில் கேரளத்துக்கு வந்திருக்கிறார்.

பெயருக்குக் காரணத்தை அவரே சொன்னார். 1891இல் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் உரிமை பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். தொழிற்புரட்சிக்கு அன்று சர்ச் சொன்ன பதில் அது. இன்று செயற்கை நுண்ணறிவு வேலையையும் மனித மாண்பையும் புரட்டிப்போடும்போது அதே கேள்வி திரும்ப வருகிறது என்பது இவர் வாதம்.

தமிழ்க் கத்தோலிக்கர் மரபில் லியோவுக்குச் சிங்கராயர் என்று பெயர். பழைய கிறிஸ்தவ ஊர்களில் சிங்கராயர் தாத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள். திருத்தந்தை சிங்கராயர் என்று செய்தியில் வாசித்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

புனிதக் கதவு என்று ஒன்றைத் திறந்தார்களே, அது என்ன?

யூபிலி ஆண்டு, அதாவது மன்னிப்பின் ஆண்டு. 1300இல் தொடங்கியது, இப்போது 25 ஆண்டுக்கு ஒருமுறை. புனித பேதுரு பேராலயத்தில் மற்ற காலமெல்லாம் சுவர் எழுப்பி அடைத்திருக்கும் ஒரு கதவை அந்த ஆண்டு மட்டும் திறப்பார்கள். 2024 டிசம்பர் 24 இரவு சக்கர நாற்காலியில் வந்து திறந்தவர் பிரான்சிஸ். இரண்டு நாள் கழித்து ரோமின் ரெபிபியா சிறைக்குள்ளும் ஒரு கதவைத் திறந்தார். 2026 ஜனவரி 6 அன்று மூடியவர் லியோ. ஒரு போப் திறந்து இன்னொருவர் மூடுவது 1700க்குப் பிறகு இப்போதுதான்.

2025இல் எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் ஒரே நாளில் ஈஸ்டர் என்றார்கள். மற்ற ஆண்டுகளில் இல்லையா?

பெரும்பாலும் இல்லை. வசந்தகாலச் சம இரவு நாளுக்குப் பிறகு வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். விதி ஒன்றுதான், காலண்டர் இரண்டு. ரோம் 1582இல் கிரிகோரியன் காலண்டருக்கு மாறியது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் ஈஸ்டர் கணக்குக்கு இன்றும் பழைய ஜூலியனையே வைத்திருக்கின்றன. இரண்டுக்கும் இப்போது 13 நாள் வித்தியாசம். அதனால் சில ஆண்டு ஒரு வாரம், சில ஆண்டு ஐந்து வாரம்கூடத் தள்ளிப்போகும்.

2025இல் கணக்குப் பௌர்ணமி ஏப்ரல் 13 ஞாயிறன்றே விழுந்தது, நம் பங்குனிப் பௌர்ணமி. பௌர்ணமியே ஞாயிறாக இருந்தால் அடுத்த ஞாயிறுக்குப் போக வேண்டும் என்பது விதி. பழைய காலண்டர்க்காரர்களும் அதே ஏப்ரல் 20க்கு வந்து சேர்ந்தார்கள். அடுத்து இப்படி அமைவது 2028 ஏப்ரல் 16இல்.

ஏரிக்கரையில் போப் ஜெபம் செய்த படம் வந்ததே, அது எங்கே?

துருக்கியின் இஸ்னிக். பழைய பெயர் நிசேயா. கி.பி. 325இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆயர்களை அங்கே கூட்டினார். இயேசு, தந்தைக்குச் சமமா, தந்தையால் படைக்கப்பட்டவரா என்ற சண்டை அலெக்சாந்திரியாவின் ஆரியுஸ் என்ற குருவால் பெரிதாகியிருந்தது. அங்கே உருவானதன் விரிவான வடிவத்தைத்தான் இன்றும் ஞாயிறு வழிபாட்டில் விசுவாசப் பிரமாணம் என்று சொல்கிறார்கள். ஈஸ்டரை எல்லோரும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்று முடிவெடுத்ததும் அதே சங்கம்தான். 1,700 ஆண்டாகியும் அது நடந்தபாடில்லை.

லியோவின் முதல் வெளிநாட்டுப் பயணம் இது. நவம்பர் 28 அன்று அவரும் கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளின் மூத்த தலைவரான கான்ஸ்டான்டிநோபிள் பிதாப்பிதா பர்த்தலோமேயுவும் அங்கே சேர்ந்து ஜெபித்தார்கள். ஏரித் தண்ணீருக்குள் கிடந்து 2014இல் கண்டறியப்பட்ட ஒரு பழைய ஆலயத்தின் இடிபாடு அது. பிரமாணத்தைச் சொன்னபோது, தூய ஆவி தந்தையிடமிருந்து புறப்படுகிறார் என்ற இடத்தில் மேற்கத்தியர் சேர்த்த 'மகனிடமிருந்தும்' என்பதை விட்டுவிட்டுச் சொன்னார்கள். கிழக்கும் மேற்கும் ஆயிரம் ஆண்டாகச் சண்டை போடும் ஒற்றைச் சொல் அது. அன்று நான் செய்தியில் தேடியது அதைத்தான்.

ஜீன்ஸ் போட்ட புனிதர்?

கார்லோ அகூதிஸ். 1991இல் லண்டனில் பிறந்து மிலானில் வளர்ந்தவர். நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையதளம் செய்த பையன். 2006இல் 15 வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். அசிசியில் அவர் உடல் ஜீன்ஸ், ஸ்போர்ட்ஸ் ஷூவோடு கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. ஏப்ரல் 27இல் நடக்கவிருந்த புனிதர் பட்ட விழா, பிரான்சிஸ் மறைவால் செப்டம்பர் 7க்குத் தள்ளிப்போனது. பெற்ற தாய் உட்கார்ந்து பார்க்க மகன் புனிதரானது எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஒப்பிட்டால், நம் நட்டாலத்து தேவசகாயம் பிள்ளை 1752இல் சுட்டுக் கொல்லப்பட்டு, புனிதரானது 2022இல்.

ஆகா கான் இறந்ததும் அன்றே வாரிசு அறிவித்தது எப்படி?

அன்றே அல்ல, மறுநாள். நான்காம் ஆகா கான் கரீம், பிப்ரவரி 4 அன்று லிஸ்பனில் 88 வயதில் காலமானார். ஷியா முஸ்லிம்களில் ஒரு பிரிவான இஸ்மாயிலி நிசாரிகளின் 49ஆம் இமாம், அதாவது மதத் தலைவர். அங்கே ஓட்டும் இல்லை, புகையும் இல்லை. இருக்கும் இமாம்தான் அடுத்தவரை நியமிக்க வேண்டும். உயிலைத் திறந்து வாசித்தார்கள், மூத்த மகன் ரஹீம் 50ஆம் இமாமானார்.

மூத்த மகனுக்குத்தான் என்ற கட்டாயம் கிடையாது. 1957இல் மூன்றாம் ஆகா கான் தன் மகன் அலி கானைத் தாண்டி, ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த 20 வயதுப் பேரன் கரீமை உயிலில் எழுதினார். அணுயுகத்தில் வளர்ந்த இளைஞன் வேண்டும் என்பது காரணம். புனேயில் காந்தியும் கஸ்தூர்பாவும் காவலில் இருந்த, கஸ்தூர்பா உயிர்விட்ட ஆகா கான் மாளிகையை 1969இல் நாட்டுக்குக் கொடுத்தவர் இந்தக் கரீம்தான்.

தலாய் லாமா விஷயத்தில் சீனா ஏன் தலையிடுகிறது?

எல்லா வாரிசுக் கேள்விகளிலும் கடினமானது இது. இங்கே அடுத்தவர் இன்னும் பிறக்கவே இல்லை.

பதினான்காம் தலாய் லாமாவுக்கு ஜூலை 6 அன்று 90 வயது. நான்கு நாள் முன்பு, ஜூலை 2 அன்று, தனக்குப் பிறகும் தலாய் லாமா மரபு தொடரும், மறுபிறப்பை அடையாளம் காணும் அதிகாரம் தன் காதென் போட்ராங் அறக்கட்டளைக்கு மட்டுமே உண்டு என்று அறிவித்தார். சீனா உடனே மறுத்தது. 1793இல் சிங் பேரரசர் கொண்டுவந்த தங்கக் கலயத்தில் பெயர்ச் சீட்டுப் போட்டு எடுக்க வேண்டும், மத்திய அரசு ஒப்புதல் தர வேண்டும் என்பது அவர்கள் நிலை. கடவுளே இல்லை என்னும் கட்சி, மறுபிறப்புக்கு விதிமுறை எழுதி வைத்திருக்கிறது. 2007இல் அதற்கு அரசாணையே போட்டார்கள்.

மரபுப்படி எப்படி நடக்கும்? அறிகுறிகள், கனவுகளை வைத்துக் குழந்தையைத் தேடிப் போவார்கள். முந்தையவரின் ஜெபமாலை, கைத்தடி போன்றவற்றை வேறு பொருள்களோடு கலந்துவைத்து, குழந்தை எதை எடுக்கிறது என்று பார்ப்பார்கள். இவரை இரண்டு வயதில் கண்டெடுத்தது அப்படித்தான்.

பிரச்சினை எங்கே போகும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. 1995இல் தலாய் லாமா ஒரு ஆறு வயதுச் சிறுவனை, திபெத்திய பௌத்தத்தில் தனக்கு அடுத்த நிலையான பஞ்சென் லாமாவாக அறிவித்தார். சில நாளில் சிறுவனைச் சீன அதிகாரிகள் கொண்டுபோனார்கள், அதன்பின் பொதுவெளியில் பார்த்தவர் இல்லை. சீனா வேறொருவரை அமர்த்தியது. நாளை இரண்டு தலாய் லாமாக்கள் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

கேன்டர்பரிக்குப் பெண் பேராயரா?

ஆமாம். இங்கிலாந்துத் திருச்சபைக்கும் உலக ஆங்கிலிக்கர்களுக்கும் தலைமை இருக்கை அது. அக்டோபர் 3 அன்று அறிவிக்கப்பட்டவர் சாரா முல்லல்லி, 106ஆம் பேராயர், அந்த இருக்கைக்கு முதல் பெண். துறவறப் பரம்பரையெல்லாம் இல்லை, நர்சாக இருந்து இங்கிலாந்தின் தலைமைச் செவிலியர் அதிகாரியாக உயர்ந்தவர். பிறகு குருவானார், 2018 முதல் லண்டன் ஆயர். சட்டப்படி பொறுப்பு வந்தது 2026 ஜனவரியில்.

முன்னவர் ஜஸ்டின் வெல்பி, சபை முகாம்களில் சிறுவர்களைக் கொடுமைப்படுத்திய ஒருவரைப் பற்றிய புகாரில் உரிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று விசாரணை அறிக்கை சொன்னதால் பதவி விலகினார். அதனால் ஓராண்டு இருக்கை காலியாக இருந்தது. ஆப்பிரிக்க ஆங்கிலிக்கத் தலைவர்கள் பலர் பெண் பேராயரை ஏற்கவில்லை. நமக்கு இது அவ்வளவு புதிதல்ல. தென்னிந்தியத் திருச்சபை 2013லேயே நந்தியால் பேராயத்துக்குப் புஷ்பலலிதாவைப் பெண் ஆயராக அமர்த்திவிட்டது.

அமெரிக்காவின் மார்மன் சபைக்கும் தலைவர் மாறினாராமே?

ரஸ்ஸல் நெல்சன், 101 வயதில், செப்டம்பர் 27 அன்று இறந்தார். அங்கே போட்டியே இல்லை. அப்போஸ்தலர் குழுவில் யார் அதிக காலம் இருக்கிறாரோ அவர்தான். 93 வயது டாலின் ஓக்ஸ் வந்தார். சீனியாரிட்டி, அவ்வளவுதான்.

இந்த முறை ஹஜ்ஜில் வெயில் எப்படி?

2024இல் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசே சொன்னது. பெரும்பாலோர் அனுமதியில்லாமல் வந்தவர்கள், குளிரூட்டிய கூடாரமோ பேருந்தோ இல்லாமல் வெயிலில் நடந்தவர்கள். 2025இல் அனுமதிச் சீட்டில் கண்டிப்பு, நிழற்கூரைகள், நீர்த்தூவிகள். ஜூன் 4 முதல் 9 வரை நடந்தது. வந்தவர்கள் 16,73,230. முந்தைய ஆண்டு போன்ற பெரும் சாவு இல்லை.

சந்திர ஆண்டு சுமார் 11 நாள் குறைவு என்பதால் ஹஜ் ஆண்டுதோறும் முன்னே நகர்கிறது. இனி சுமார் 16 ஆண்டுக்குக் கோடைக்காலத்தில் ஹஜ் வராது என்று சவூதி வானிலைத் துறை கணக்குச் சொல்கிறது. மே கடைசியில் மக்காவில் எவ்வளவு குளுகுளு என்பது போய்வந்தவர்களுக்குத் தெரியும்.

அங்கே பக்ரீத் ஜூன் 6, இங்கே 7. ஏன்?

பிறை. அங்கே தெரிந்த அன்று இங்கே தெரியவில்லை. ரம்ஜானிலும் அதே கதைதான். அங்கே மார்ச் 30, இங்கே 31. இன்னொரு வேடிக்கை: 2030இல் ஜனவரியில் ஒரு ரமலான் மாதமும், டிசம்பர் கடைசியில் இன்னொன்றும் தொடங்கும்.

கண்டியில் அவ்வளவு நீள வரிசை எதற்கு?

புத்தரின் பல்லைப் பார்க்க. தலதா மாளிகையில் இருந்தாலும் அந்தப் புனிதப் பல்லைப் பொதுமக்கள் பார்க்க முடியாது. எசல பெரஹெராவில் யானைமேல் போவதும் பேழைதான். ஏப்ரல் 18 முதல் 27 வரை 'ஸ்ரீ தலதா வந்தனாவ' என்று பத்து நாள் நேரில் காட்டினார்கள். முந்தைய முறை 2009இல். கலிங்கத்து இளவரசி ஹேமமாலா கூந்தலுக்குள் மறைத்துக் கடல் கடத்திக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பல் அது. ஆட்சி மாறும்போதெல்லாம் தலைநகரோடு சேர்ந்து அதுவும் இடம் மாறியது. பல் யாரிடமோ நாடு அவரிடம் என்பது அங்கே பழைய நம்பிக்கை.

மக்கள் சாலையிலேயே படுத்து, சமைத்த சோறு பகிர்ந்து, நாள்கணக்கில் நின்றார்கள். தொடங்கிய நாள் பெரிய வெள்ளி என்பது தற்செயல்தான்.

புத்தர் நகைகளை ஏலம் விடப் பார்த்தது?

1898இல் உத்தரப் பிரதேசத்துப் பிப்ரஹவா தூபியைத் தோண்டிய ஆங்கிலேய நிலக்கிழார் பெப்பேயின் குடும்பத்திடம் இருந்த ரத்தினங்கள். அங்கே கிடைத்த எலும்பை அன்றே சயாம் மன்னருக்குக் கொடுத்துவிட்டார்கள். மே 7இல் ஹாங்காங்கில் ஏலம் என்றதும் இந்தியா சட்ட அறிவிப்பு அனுப்பியது, ஏலம் நின்றது. கோத்ரெஜ் குடும்பத்தவர் ஒருவர் வாங்க, ஜூலை இறுதியில் நகைகள் இந்தியா வந்தன. எலும்போடு வைத்த மணியும் எலும்பைப் போலவே புனிதம் என்பது பௌத்தர் வாதம். ஏலக் கம்பெனிக்கு அது நகை. எனக்குப் பௌத்தர் சொல்வதுதான் சரியாகப் படுகிறது.

திருச்செந்தூர் கும்பாபிஷேகத்தில் நேரத்தகராறு வந்ததே?

16 ஆண்டுக்குப் பிறகு, ஜூலை 7 அன்று நடந்தது. எந்த முகூர்த்தம் என்பதில் கோயிலுக்கு நாள் குறித்துத் தரும் விதாயகர் ஒன்று சொல்ல, மற்றவர்கள் வேறு சொல்ல, மதுரைக் கிளை வரை வழக்குப் போய், காலை 6 மணியை ஒட்டிய நேரம் உறுதியானது. பிறையிலும் ஈஸ்டரிலும் சண்டை போடுபவர்களைப் பார்த்துச் சிரிக்கும் முன் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

ஆண்டின் துக்கங்கள்?

ஜூன் 22, டமாஸ்கஸ் மார் எலியாஸ் ஆலயத்தில் ஞாயிறு வழிபாட்டின்போது குண்டு, 25 பேர். அக்டோபர் 2, யூதர்களின் யோம் கிப்பூர் அன்று மான்செஸ்டர் ஜெப ஆலயத்தில் 2 பேர். டிசம்பர் 14, சிட்னி போண்டாய் கடற்கரையில் ஹனுக்கா முதல் நாளில் 15 பேர். வழிபடக் கூடியதற்காகவே கொல்லப்பட்டவர்கள். இதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.

விட்டுப்போனது ஏதாவது?

நிறைய. முக்கியமாக, குரு தேக் பகதூரின் 350ஆம் தியாக ஆண்டு, நவம்பரில். 1675இல் டெல்லி சாந்தினி சௌக்கில் தலை துண்டிக்கப்பட்டவர். தன் மதத்துக்காக அல்ல, காஷ்மீரப் பண்டிதர்கள் தங்கள் மதத்தில் இருக்கும் உரிமைக்காக உயிர் கொடுத்தார் என்பது சீக்கிய மரபு. தெற்கே இதைப் பற்றி ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை.

அடுத்து எதற்குத் தயாராக வேண்டும்?

குரு சிம்மத்துக்குப் போகிறார். அதனால் 2027இல் நாசிக், 2028இல் உஜ்ஜயினி. அதே சிம்ம குருவில்தான் 2028 மாசியில் கும்பகோணம் மகாமகமும். 1992 மகாமகத்தில் குளக்கரை நெரிசலில் ஏறக்குறைய 50 பேர் இறந்ததை மறக்காதவர்கள் இன்னும் அந்தத் தெருக்களில் இருக்கிறார்கள். விழா பத்து நாள், தீர்த்தவாரியன்று மட்டும்தான் புண்ணியம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. 2016இல் நாங்கள் நான்கு நாள் முன்னாலேயே போய், காலை ஐந்து மணிக்கு இருபது கிணற்றுத் தண்ணீரையும் நிதானமாகத் தலையில் ஊற்றிக்கொண்டு, கடைத்தெருவில் டிகிரி காபி குடித்துவிட்டு, எட்டு மணிக்கெல்லாம் பஸ் ஏறிவிட்டோம். 2028க்கும் அதே ஏற்பாடுதான்.